சிறுவர் இல்லத்தில் நான் விட்ட பிழைகள்

போன வாரம் எங்கள் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி, படுக்கையை மடிக்காத பையனைப் பார்த்து, "இந்த முறை அம்மா வந்தால் பார்க்க விடமாட்டேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் அதே வசனத்தைச் சொன்னவள் நான். அடிக்கக்கூடாது, ஏசக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விடுவோம்.

சந்திப்பைத் தண்டனையாக்குவது

அப்போது திருகோணமலை நகரில் வேறொரு இல்லத்தில் வேலை. எட்டு வயதுப் பிள்ளை சோற்றுக் கோப்பையை எறிந்தது. "ஞாயிறு தாயைப் பார்க்க அனுமதி இல்லை" என்று புத்தகத்தில் எழுதிவிட்டேன். தாய்க்கு அறிவிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கூலி வேலையை விட்டு, மூதூரிலிருந்து பஸ் ஏறி, ஒரு பை பாலைப்பழத்தோடு வந்தார். படலையடியில் நின்றே திரும்பிப் போனார். பிள்ளை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றிரவு பாயை நனைத்தது. அப்புறம் பல மாதம் அது நிற்கவில்லை. பிள்ளைக்குத் தன்மேல் கோபமாக்கும் என்று நினைத்து, தாயும் வருவதைக் குறைத்துக்கொண்டார். பாலைப்பழம் கண்டால் இன்றைக்கும் எனக்கு அந்த முகம்தான்.

இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரைப்படி, பெற்றோரோடு தொடர்பு பிள்ளையின் உரிமை. பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளைகளுக்காக 2009இல் வந்த ஐ.நா. மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் இன்னும் வெளிப்படை: குடும்பத் தொடர்பைக் குறைப்பதை ஒருபோதும் தண்டனையாகப் பயன்படுத்தக்கூடாது. சந்திப்பால் பிள்ளைக்கு ஆபத்து என்றால் கதை வேறு. அதையும் சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் அரச நன்னடத்தை அலுவலரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், கோப்பை உடைந்த கோபத்தில் அல்ல.

சரி, அன்று எனக்கு என்ன வந்தது? மற்ற அன்ரிக்குக் காய்ச்சல். அவருடைய இரவு முறையும் என் தலையில். இரண்டு நாள் தூக்கமில்லை. அந்த நிலையில் பேனையைத் தொட்டிருக்கவே கூடாது.

"ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்பது

இரகசியம் சொல்லவரும் பிள்ளைக்கு இந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். துன்புறுத்தல் என்றால் சொல்லியே ஆகவேண்டும். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் இருப்பது அதற்குத்தான். யாரிடம் சொல்வீர்கள் என்பதைப் பிள்ளைக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

பிறந்தநாள் சாப்பாட்டோடு வருபவர்கள்

படம் எடுக்க விடாதீர்கள்.

தொடர்ந்து இரவு முறை

அந்தத் தங்கச்சியை ஏசப் போனவள், முதலில் அட்டவணையைப் பார்த்தேன். முந்தின மூன்று இரவும் அவள் பெயர். எழுத்து என்னுடையது.