மின்சார டக்: முன்சக்கரத்தை மறந்தால் வரும் தவறுகள்

விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் டக் வண்டி டீசலில் ஓடினால் என்ன, பேட்டரியில் ஓடினால் என்ன, வேலை ஒன்றுதானே என்று தோன்றும். வேலை ஒன்றுதான், வண்டியின் சுபாவம்தான் வேறு. மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் தந்துவிடும், அதுவும் சத்தமில்லாமல். பழக்கத்தில் பெடலை அழுத்தி மிதித்தால் அந்தக் குலுக்கல் நேராக விமானத்தின் முன்சக்கரத் தண்டில் போய் இறங்கும்.

அதைக் காப்பாற்றத்தான், டக்கையும் விமானத்தையும் இணைக்கும் கம்பியான டோ பாரில் ஷியர் பின் இருக்கிறது. அளவுக்கு மீறிய விசை வந்தால் தான் அறுந்து தண்டைக் காக்கும். அறுந்த பின்னுக்குப் பதில் கைக்குக் கிடைத்த கெட்டியான போல்ட்டை மாட்டுவதைப் போன்ற ஆபத்தான தவறு வேறில்லை. அடுத்த முறை உடையப்போவது பின் அல்ல, விமானம். பின்னோக்கி உருளும்போது டோ பார் விட்டுப்போனால் விமானி பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. மூக்கு தூக்கி, வால் தரையில் இடிக்கலாம். மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும்.

முன்சக்கரத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் விசையைத் தற்காலிகமாகத் துண்டித்து வைக்கும் பைபாஸ் பின்னைச் செருகாமல் தள்ளத் தொடங்குவது இன்னொரு தவறு. விமானத்தின் ஹைட்ராலிக் ஸ்டியரிங் ஒரு பக்கம் திருப்ப, டக் இன்னொரு பக்கம் திருப்ப, நடுவில் டோ பார் வீசி அடிக்கும். பக்கத்தில் நிற்பவரின் கால் முறிந்துவிடும். வேலை முடிந்து கழற்றிய பின்னை, சிவப்பு நாடாவோடு விமானிக்குத் தூக்கிக் காட்டும் வழக்கம் சடங்குக்காக ஏற்பட்டதல்ல.

பேட்டரி கனமாக இருக்கிறதே என்று குறைப்படுவதும் பிழை. டோ பார் பூட்டி இழுக்கும் டக்குக்குத் தரையில் பிடிப்பு வேண்டும், பிடிப்பைத் தருவது எடை. காரில் சுமையாக இருப்பது இங்கே உதவி. பராமரிப்பில்தான் கோட்டை விடுகிறோம். லெட் ஆசிட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிய பிறகே தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். முன்னால் நிரப்பினால் பொங்கி வழியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும்.

தள்ளுகிற அதே டக்கை வைத்து ரன்வே வரை இழுத்துப் போனால் எரிபொருள் மிச்சம்தானே? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 2006-இல் விர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் இப்படித்தான் திட்டமிட்டு, பிறகு கைவிட்டது. விமான எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையே தாங்கும் முன்சக்கரத் தண்டு, பயணிகளும் எரிபொருளும் நிறைந்த விமானத்தைத் தினம் பலமுறை தொலைதூரம் இழுக்கும் விசைக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. உலோகம் களைத்துப்போகும். இஸ்ரேலில் உருவான டாக்ஸிபாட் என்ற இழுவை வண்டி இதற்கு வழி கண்டது. விமானியே அதைத் திருப்புவார், விமானத்தின் பிரேக்கால் நிறுத்துவார். முன்சக்கரத் தண்டில் விழும் விசையை வண்டி அளவோடு வைத்துக்கொள்ளும். 2019 அக்டோபரில் டெல்லியில் பயணிகளோடு ஓர் ஏர் இந்தியா ஏ320 இப்படிப் போனது. ஆனால் அதைப் பேட்டரி வண்டி என்று எழுதிவிடாதீர்கள். டீசல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றும் கலப்பு வண்டி அது.

விமானச் சக்கரத்திலேயே மோட்டார் வைக்கும் முறையும் உண்டு. ஹனிவெல், சஃப்ரான் நிறுவனங்கள் 2013 பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஏ320-இன் பிரதான சக்கரங்களில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டின. அந்த மின்சாரம் வாலில் உள்ள துணை எஞ்சினிலிருந்து வருகிறது. அதுவும் எரிபொருள் குடிக்கும், மோட்டாரின் எடையும் ஒவ்வொரு பறப்பிலும் கூடவே வரும்.

மிச்சக் கணக்கு போடும்போது இன்னொன்றையும் கழிக்க வேண்டும். மேலெழும்பும் முன் ஜெட் எஞ்சின் சில நிமிடங்கள் ஓடிச் சூடாகியே தீர வேண்டும். ரன்வேக்கு அரை மணி நேரம் ஊர்ந்து போகும் பெரிய நிலையத்தில் மிச்சம் தாராளம். ஐந்தே நிமிடத்தில் எட்டிவிடும் சின்ன நிலையத்தில் எஞ்சினை அணைத்து வைக்க நேரமே கிடைக்காது.