பழைய கம்ப்யூட்டரைப் பேச வைக்க எந்தச் சிப்?

எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பேச்சுச் சிப் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "குரல் நன்றாக இருக்குமா?" என்றுதான். ஆனால் கம்ப்யூட்டர் என்ன பேசப் போகிறது என்று முடிவு செய்துவிட்டால் சிப் தானாகவே முடிவாகிவிடும்.

பேச வேண்டியது முன்கூட்டியே தெரிந்த சில சொற்கள்தான் என்றால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்5220 போதும். ஒருவர் பேசிப் பதிந்த குரலை எல்பிசி (குரலைச் சில எண்களாக்கும் கணக்கு) முறையில் சுருக்கி வைத்து வாசிப்பது இது. பிபிசி மைக்ரோவில் இதற்கென்றே சாக்கெட் உண்டு. அதன் ரோமில் (அழியாத நினைவகச் சிப்பில்) இருப்பது செய்தி வாசிப்பாளர் கென்னத் கெண்டலின் குரல். ஆனால் ஒரு நொடிப் பேச்சு நூறு பைட்டுக்கு மேல் விழுங்கும், −5 வோல்ட் சப்ளையும் தனியாகக் கேட்கும். பட்டியலில் இல்லாத சொல்லைச் சொல்லாது.

எந்தச் சொல்லும் வர வேண்டுமா? ஒலித்துணுக்குகளை ஒட்டிப் பேசும் சிப்பை எடுங்கள். வோட்ராக்ஸ் எஸ்சி-01-க்கு 5 வோல்ட் பற்றாது. 12 வோல்ட் லைன் உள்ள ஆப்பிள் 2-க்குப் பொருந்தும். சாலிடரிங்கே வேண்டாம் என்பவர்களுக்கு, அதே சிப்பை உள்ளே வைத்த டைப் அண்ட் டாக் பெட்டி: சீரியல் போர்ட்டில் எழுத்தை அனுப்பினால் பேசும்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு நம் தேர்வு எஸ்பி0256-ஏஎல்2. 5 வோல்ட் போதும். 59 ஒலிகள், 5 இடைவெளிகள். ஒரு நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு பைட். குரல் ரோபோதான், அதை மறைப்பதற்கில்லை. ண, ள எல்லாம் கிடையாது. ழ-வுக்கு மட்டும் அமெரிக்க 'ஆர்' ஓரளவு கைகொடுக்கும்.

வாங்கும்போது பின்னொட்டைப் பாருங்கள். 012 என்று முடிவது இன்டெல்லிவாய்ஸின் (இன்டெல்லிவிஷன் வீடியோ கேம் கருவியைப் பேச வைத்த இணைப்பின்) சிப். உள்ளே வேறு ரோம், இந்த ஒலிகள் வராது. மேலெழுத்தை அழித்து மாற்றி அச்சடித்தவையும் சந்தையில் உண்டு. சாக்கெட்டில் போட்டுப் பேச வைத்துப் பார்த்த பிறகே சாலிடர் செய்யுங்கள்.

கிரிஸ்டல் 3.12 மெகாஹெர்ட்ஸ். கிடைக்காவிட்டால் கலர் டிவியின் 3.58 போடலாம், குரல் 15 சதவீதம் கீச்சென்று ஏறும். 24-ஆம் பின்னில் வருவது பல்ஸ் அலை. அதை நேரே ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். 33 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஜோடியை வடிகட்டியாக இரண்டு முறை அடுக்கி, 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக எல்எம்386 ஆம்ப்ளிஃபையர் சிப்புக்குக் கொடுங்கள்.

ஸ்பெக்ட்ரம் இந்தச் சிப்புக்கு பைட் அனுப்பும் போர்ட் எண் ஒற்றைப்படையாக இருக்கட்டும். இரட்டைப்படை எண்கள் யுஎல்ஏவுக்கு (ஸ்பெக்ட்ரமின் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் சிப்புக்கு) போய்விடும். 31-ஐத் தொடாதீர்கள், அது கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக். பேச்சுச் சிப்பின் 9-ஆம் பின்னில் (எல்ஆர்க்யூ, அடுத்த பைட்டைக் கேட்கும் பின்) வோல்டேஜ் உயர்ந்திருக்கும்வரை அடுத்த பைட்டை அனுப்பக் கூடாது. அனுப்பினால் சொற்களுக்கு நடுவே ஒலிகள் காணாமல் போகும்.

சோதனைக்கு 'ஹலோ'வின் ஒலி எண்கள்: 27, 7, 45, 15, 53, 4. கடைசி 4 என்பது 200 மில்லிநொடி மௌனம். அதை விட்டுவிட்டால் 'ஓ' நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ப, ட, க போன்ற வல்லொலிகளுக்கு முன்னும் 50 மில்லிநொடி மௌனம் (எண் 2) வையுங்கள். வாய் மூடித் திறக்கும் அந்த இடைவெளி இல்லாவிட்டால் காதுக்கு அவை வல்லொலியாகவே படாது.