பழைய காருக்குச் சின்னப் பாகங்கள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மாரிஸ் மைனர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அம்பாசடர் என்று பழைய வண்டியை எடுத்துச் சீர்செய்பவர்கள், கழற்றிய துருப்பிடித்த பாகத்தை முதலில் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் துண்டுதான் உங்கள் கேட்லாக். லூகாஸ் (பழைய ஆங்கிலேய வண்டிகளுக்கு மின் பாகங்கள் செய்த நிறுவனம்) பாகங்களில் பாக எண்ணோடு தயாரித்த மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும்: "6 58" என்றால் 1958 ஜூன். பாலிஷ் போட்டாலோ குரோம் பூசினாலோ அந்த எண் அழிந்துவிடும். அதற்கு முன் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்கோ கோவைக்கோ போகும்போது பழைய பாகமும் பையில் இருக்கட்டும்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதும் தவறு. சென்னையில் தயாரான ஹெரால்டு மார்க் 3-க்கு நான்கு கதவு. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. எஞ்சின் பாகங்கள் பல ஒத்துப்போகும். கதவு ரப்பரை அங்கிருந்து வரவழைத்தால் பணம் போனதுதான்.

அதிகம் கெடுவது மரையில். பழைய ஆங்கிலேய வண்டிகளில் கால் அங்குல பிஎஸ்எஃப் (பழைய பிரிட்டிஷ் நெருக்க மரை) போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 26 மரை. இன்றைய மெட்ரிக் எம்6 போல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 25.4. அதனால் எம்6 கையாலேயே சுற்றி உள்ளே போய்விடும், சரியாக இருப்பது போலவே தெரியும். ஆனால் அதன் விட்டம் 6 மி.மீ., துளையோ 6.35 மி.மீ.க்கு உரியது. ஸ்பேனரில் இறுக்கும்போது மரை உரிந்துவிடும். போல்ட் ஐந்து ரூபாய்தான், கெடுவது அலுமினிய ஹவுசிங். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜும் விட்டத்தை அளக்கும் வெர்னியரும் இல்லாமல் போல்ட் வாங்கவே கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டரில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுழலும் துண்டு) பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய மலிவுச் சரக்கைத் தவிருங்கள். ரிவெட்டின் அடிமுனைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக்தான் இருக்கும். சூடேறியதும் பொறி அதைத் துளைத்து ஷாஃப்ட்டுக்குப் பாயும், வண்டி பாதி மேட்டில் நின்றுவிடும். மல்டிமீட்டரில் இது தெரியாது. ரோட்டரை ஷாஃப்ட்டில் மாட்டி, காயிலின் ஒயர் முனையை இன்சுலேட்டட் பிளையரால் பிடித்து, பித்தளைக்கு 3 மி.மீ. மேலே வைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டை (காயில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) திறந்து பாருங்கள். பொறி பித்தளையில் விழுந்தால் ரோட்டர் போய்விட்டது.

ஒரிஜினல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: ரப்பர். முப்பது வருடம் பெட்டியில் கிடந்த பிரேக் கப் (பிரேக் சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்), பிரிக்காத கவரில் இருந்தாலும் இறுகிப் போயிருக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே அதை நம்பி இறங்காதீர்கள். சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்து (முக்கால் அங்குலமா, எட்டில் ஏழா என்று கண்ணால் சொல்ல முடியாது), புதிதாகச் செய்த கப்பைப் போடுங்கள். பொருத்தும்போது எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் ஊதிவிடும், பிரேக் ஆயிலையே தடவுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், இந்த மலை மஞ்சுக்குச் சீல் உடைக்காத சின்ன பாட்டிலாகவே வாங்குங்கள்.

புதுப் பாகம் 500 கி.மீ. ஓடும்வரை பழையதை எண்ணெய்த் தாளில் சுற்றி, வண்டி எண் எழுதி டப்பாவில் வைத்திருங்கள்.