பற்றாசு இணைப்பு நிலைக்க: பலகையை வரையும்போதே கவனிக்க வேண்டியவை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்சுற்றுப் பலகை சில மாதங்களில் விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்கினால், பழி பெரும்பாலும் பற்றவைத்தவர்மீதே விழுகிறது. ஆனால் எந்த உறுப்பு எங்கே அமர வேண்டும், அதன் பேட் (உறுப்பு பற்றவைக்கப்படும் செப்புத் திட்டு) எவ்வளவு அகலம், அந்தப் பேட்டோடு எவ்வளவு செப்பு சேர வேண்டும் என்பவற்றையெல்லாம் வரைந்தவர் அதற்கு முன்பே முடிவுசெய்திருக்கிறார். சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் உறுப்புகளை வாங்கிச் சிறு எண்ணிக்கையில் கருவிகள் செய்பவர்களுக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் உதவும் என்று கருதி, வரைவிலேயே தவிர்க்கக்கூடிய கோளாறுகளை இங்கே விளக்குகிறேன்.

விரிசலின் காரணத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எப்.ஆர்.4 கண்ணாடியிழைப் பலகை, வெப்பநிலை 1 டிகிரி உயரும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 14 முதல் 17 மைக்ரோமீட்டர் விரிகிறது. அலுமினா பீங்கான் உறுப்பு அதில் பாதியளவே விரிகிறது. சிலிக்கன் அதனினும் மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை இடையில் இருக்கும் பற்றாசுதான், அதாவது உறுப்பைப் பலகையோடு ஒட்டவைக்கும் உலோகக் கலவைதான், தாங்குகிறது. உறுப்பின் மையத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல இழுப்பு கூடுவதால், மூலையில் உள்ள இணைப்புகளே முதலில் விடுகின்றன. எனவே காலில்லாத பெரிய பீங்கான் உறுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், அதே வேலையைச் செய்யும் சிறிய உறுப்போ வளைந்த கால்கள் உள்ள உறுப்போ கிடைக்கிறதா என்று பாருங்கள். வளைந்த கால் இழுப்பின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

ஈயமற்ற பற்றாசில் பரவலாகப் பயன்படும் எஸ்.ஏ.சி.305 கலவையில் வெள்ளி 3 விழுக்காடும் செம்பு 0.5 விழுக்காடும் இருக்கின்றன, மீதி வெள்ளீயம். இது 217 டிகிரியில், அதாவது 490 கெல்வினில், உருகத் தொடங்குகிறது. நம் அறை வெப்பநிலையான 30 டிகிரி 303 கெல்வின். உருகுநிலையில் 60 விழுக்காட்டுக்கும் மேல். உருகுநிலைக்கு இத்தனை அருகில் இருக்கும் உலோகம் சிறிய இழுப்புக்கும் மெல்ல நெளிந்துகொடுக்கும். ஒவ்வொரு நெளிவிலும் களைப்பு சேரும். சிங்கப்பூரில் குளிர்காலமே இல்லையே, வெப்ப ஏற்ற இறக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் படும் வெளிப்புறப் பெட்டியிலிருந்தும், கருவியை இயக்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையிலிருந்தும் வருகிறது. மிகவும் சூடாகும் உறுப்பின் அருகே வெப்பநிலையை அளக்கும் வெப்பமின்னிரட்டை ஒன்றை ஒட்டி, இயங்கும்போதும் நின்றபிறகும் அளந்து பாருங்கள். வேறுபாடு 40 டிகிரியைத் தாண்டினால், அதன் பக்கத்தில் பெரிய பீங்கான் உறுப்புகளை வைக்காதீர்கள்.

வெப்பத்தைக் காட்டிலும் அடிக்கடி நான் குறை சொல்வது வளைவை. பல அடுக்குப் பீங்கான் மின்தேக்கி வளையாது, பலகை வளையும். திருகு முடுக்கும்போதும், இணைப்பான் செருகும்போதும், பலகைகளை ஒன்றிலிருந்து ஒன்று கையால் முறித்துப் பிரிக்கும்போதும் பலகை வளைகிறது. அப்போது மின்தேக்கியின் முனைப்பூச்சு முடியும் இடத்திலிருந்து உடல் வழியே சாய்வாக விரிசல் ஓடுகிறது. வெளியே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து ஈரம் புகுந்து குறுக்குச்சுற்று ஏற்படும்; மின்வழங்கியின் நேரடிப் பாதையில் அது இருந்தால் கருகும். ஆகவே முறிகோட்டிலிருந்தும் திருகுத் துளையிலிருந்தும் இவற்றைக் குறைந்தது 5 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். அருகே வைத்தே தீர வேண்டும் என்றால், உறுப்பின் நீளவாக்கு முறிகோட்டுக்கு இணையாக இருக்கட்டும். செங்குத்தாக நின்றால் இழுப்பு முழுவதும் இரண்டு முனைகளுக்கிடையே பாயும். பலகைகளைக் கையால் முறிப்பதை நிறுத்திவிட்டு வெட்டுக்கருவியைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. மின்வழங்கிப் பாதையில் நெகிழ்முனை வகை மின்தேக்கிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்செலவாகாது.

பேட்டுகளுக்கு வருவோம். அகலமான தரைச்செப்பில் (மின்சுற்றின் தரையிணைப்பாக இருக்கும் செப்புப் பரப்பில்) பேட்டை நேரடியாக ஒட்டவிட்டால், அது சூட்டை இழுத்துக்கொண்டு பற்றாசை ஒழுங்காகப் பாயவிடாது. 0402 போன்ற சிறிய உறுப்பில் ஒரு பேட் தரைச்செப்போடும் மற்றொன்று மெல்லிய தடத்தோடும் இணைந்திருந்தால், முதலில் உருகும் பக்கம் உறுப்பை இழுத்துச் செங்குத்தாக நிறுத்திவிடும். வரைவு மென்பொருளில் மெல்லிய ஆரங்களோடு தரையை இணைக்கும் தெரிவு இருக்கிறது. இரு பேட்டுகளுக்கும் செப்பைச் சமமாக்குங்கள். பேட்டின்மேலேயே வயாவை (பலகையின் அடுக்குகளை இணைக்கும் சிறு துளையை) இட்டால் பற்றாசு அதன்வழியே கீழே ஒழுகும்; நிரப்பி மூடித்தருமாறு தொழிற்சாலைக்குச் சொல்லாவிட்டால் வயாவை வெளியே எடுத்து, இடையில் பற்றாசு ஒட்டாத பச்சைப் பூச்சு விடுங்கள். கியூ.எப்.என். எனும், கால்கள் வெளியே நீளாத தட்டையான உறுப்பின் நடுப்பேட்டுக்குப் பற்றாசுப் பசையை ஒரே சதுரமாக அச்சிடாமல் சன்னல் கட்டங்களாகப் பிரித்து, மொத்தப் பரப்பில் 50 முதல் 80 விழுக்காடு வரை இடுங்கள். அளவு மிகுந்தால் உறுப்பு மிதக்கும். ஓரக்கால்கள் பலகையைத் தொடாது.

ஈரப்பதம் தனிக்கதை. ஈரம் தாங்கும் தரவரிசையில் நிலை 3 என்று குறிக்கப்பட்ட சில்லுகளை உறை பிரித்த 168 மணி நேரத்துக்குள் சூடேற்றிப் பற்றவைக்க வேண்டும் என்பது 30 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. குளிரூட்டியில்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் தொழிற்கூடத்திலும் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சாதாரணம். அப்போது அந்தக் கணக்கு சுருங்கிவிடும். பிரித்த சில்லுகளை உலர்பெட்டியில் வையுங்கள். தவறியிருந்தால் உற்பத்தியாளர் சொல்லும் அளவுக்குச் சூளையில் உலர்த்துங்கள். ஆனால் நாடாச்சுருளை 125 டிகிரியில் வைக்க வேண்டாம், நெகிழி உருகும். குளிர்ந்த அறையிலிருந்து பலகையை வெளியே கொண்டுவந்த உடனே மின்னேற்றாதீர்கள். இங்கே பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 24 டிகிரி என்பதால் 22 டிகிரிப் பலகைமீது நீர் படியும்.

பற்றவைத்தபின் ஆய்வு செய்யும்போது பளபளப்பை நம்பாதீர்கள். ஈயமற்ற இணைப்பு மங்கலாகத் தெரிவது இயல்பே. பற்றாசு உறுப்பின் முனையிலும் பேட்டிலும் தட்டையாகப் படர்ந்திருக்கிறதா, பந்துபோல் உருண்டு நிற்கிறதா என்பதே கேள்வி. கனமான இணைப்பான்களின் கால்களைச் சுற்றி விரிசலான வளையவடிவக் கோடு தெரிகிறதா என்று 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள்.

பழுதான பலகை திரும்பி வந்தால், உடனே பற்றவைக்கும் கோலை எடுக்காதீர்கள். ஒருமுறை சூடாக்கிவிட்டால் விரிசலின் முகம் உருகி மறைந்துவிடும். கோளாறு நீங்கியதுபோல் தோன்றினாலும் காரணம் தெரியாது. முதலில் படம் எடுத்துவிட்டு, இயங்கும்போது மரக்குச்சியால் ஒவ்வோர் உறுப்பையும் மெல்ல அழுத்தி, எந்த இடத்தில் நடத்தை மாறுகிறது என்று கண்டறியுங்கள். பிறகு அதே தொகுதியைச் சேர்ந்த, இன்னும் பழுதாகாத ஒரு பலகையில் அதே இடத்தைச் சோதியுங்கள். அங்கும் விரிசல் தொடங்கியிருந்தால் வரைவுக் கோப்பைத் திருத்த வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு பலகை எப்படிப் பொருத்தப்பட்டது, எங்கே மாட்டப்பட்டிருந்தது என்று விசாரிக்க வேண்டும்.