வாட்டர் டேங்க் வைக்கும்போதே கழுவுவதை நினைத்து வையுங்கள்

வீடு கட்டி முடிக்கிற சமயத்தில் டேங்க் கடைசி வேலையாக வரும். கையில் காசு தீர்ந்திருக்கும், பால்காய்ப்புக்குத் தேதியும் குறித்திருப்போம், பிளம்பர் எங்கே வைக்கிறாரோ வைக்கட்டும் என்று விட்டுவிடுவோம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பிறகு மழைக்குப் பயந்து மொட்டை மாடிக்கு மேல் ட்ரஸ் (இரும்புக் கூரைச் சட்டம்) அடித்து ஷீட் போட்டபோது, டேங்க் மூடிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு அடி இடம்கூட மிஞ்சவில்லை. மூடியைத் திருகிக் கழற்றலாம், தலையை உள்ளே விட முடியாது. மூன்று வருடம் அதை யாரும் கழுவவில்லை. ஒருநாள் ஷீட்டையே கழற்றிப் பார்த்தோம், அடியில் நான்கு விரல் கனத்துக்குச் செம்மண் நிறத்தில் சேறு, அதற்குள் ஒரு பல்லியின் எலும்பு. அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைகள் தினமும் வாய் கொப்பளித்தார்கள். அன்றிலிருந்து யார் டேங்க் வைத்தாலும் நான் முதலில் கேட்பது, இதை எப்படிக் கழுவுவீர்கள் என்றுதான்.

அளவில் ரொம்பக் குழம்ப வேண்டாம். நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள், அப்படியானால் நான்கு பேர் வீட்டுக்கு 540. சொந்தக் கிணறும் மோட்டாரும் இருந்தால் 750 அல்லது 1000 லிட்டர் தாராளம். முக்கடல் அணைத் தண்ணீரை நம்பியிருக்கும் நாகர்கோவில் வீடுகளில் கோடையில் தண்ணீர் விடுகிற முறை தள்ளிப்போகும், அங்கே கீழே ஒரு சம்ப்பும் (தரையடித் தொட்டி) மேலே 1000 லிட்டரும் இருந்தால்தான் நிம்மதி. இடம் இருந்தால் 2000 லிட்டர் ஒன்று வைப்பதைவிட 1000 லிட்டர் இரண்டு வைத்து, இரண்டுக்கும் தனித்தனி வால்வு போடுவது நல்லது. ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் இருக்கும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரையும் அதன் கீழ் ஐ.எஸ். 12701 என்ற எண்ணும் உடம்பிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்து வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே எட்டிப் பாருங்கள், சுவர் வழியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த டேங்கில் பாசி பிடிக்கும், வேண்டாம்.

அடுத்து அடித்தளம். 1000 லிட்டர் தண்ணீர் சரியாக 1000 கிலோ, அதாவது ஒரு டன், அது இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்கப் போகிறது. ஸ்லாப்பின் நடுவில் வைக்காதீர்கள், கீழே சுவரோ பீமோ வரும் இடத்தில் வையுங்கள். பழைய வீடு என்றால் இன்ஜினியரை ஒரு தடவை அழைத்துக் காட்டிவிடுங்கள். அதன் மேல் டேங்கின் அடியைவிடச் சுற்றிலும் மூன்று நான்கு அங்குலம் அகலமாக, முக்கால் அடி உயரத்தில், ரசமட்டம் பிடித்துக் கான்கிரீட் பீடம் போட வேண்டும். நான்கு ஹாலோ பிளாக்கை இடைவெளி விட்டு அடுக்கி அதன் மேல் தூக்கி வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் தொங்கும், கோடை வெயிலில் இளகும், இரண்டு மூன்று வருடத்தில் அவுட்லெட் பக்கத்தில் கீறல் விடும். கொளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர்களில் இரும்பு ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம். உப்புக்காற்று வெல்டிங் இணைப்பைத்தான் முதலில் தின்னும், அது வெளியே தெரியாது.

உயரம் எவ்வளவு என்றால், 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி பாத்ரூமுக்கு நேர் மேலே மொட்டை மாடியில் டேங்க் வைத்தால் உயரம் போதாது, ஷவரில் தண்ணீர் வேகமில்லாமல் ஒழுகத்தான் செய்யும். அதனால்தான் மாடிப்படி அறையின் மேல் வைக்கிறார்கள். வையுங்கள், ஆனால் அங்கே ஏற நிரந்தரமாக ஒரு ஏணி பதித்துவிடுங்கள், சுற்றி நிற்க ஒன்றரை அடி இடம் விடுங்கள், ட்ரஸ் அடிக்கிறவரிடம் மூடிக்கு மேல் மூன்று அடி வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துளை போட ஹோல் சா (வட்டமாக அறுக்கிற ரம்பம்) இருக்கிற பிளம்பராகப் பாருங்கள், கம்பியைச் சூடாக்கிப் பொத்துகிற ஆள் வேண்டாம். வட்டம் சரியில்லாத துளையில் எந்த வாஷரும் நிற்காது. டேங்கின் உடம்பில் தட்டையான இடங்கள் இருக்கும், அங்கே மட்டும்தான் போட வேண்டும். வீட்டுக்குப் போகும் அவுட்லெட் அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கட்டும், அதற்குக் கீழே படிகிற சேறு குழாய்க்கு வராது. முடிகிற அளவுக்குத் தாழ்வாக இன்னொரு துளை போட்டு, ஒன்றேகால் அங்குலக் குழாயும் வால்வும் வைத்து, அதன் வாயை மாடியின் மழைநீர்க் குழாய்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். இதுதான் வாஷ்-அவுட், அடிச்சேற்றை வெளியே விடுகிற வழி. இதைப் போடாமல் விட்டுவிடும் பிளம்பர்கள்தான் அதிகம், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மோட்டார் குழாய் ஒரு அங்குலம் என்றால் ஓவர்ஃப்ளோ ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும், அதன் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். அவுட்லெட் வால்வுக்கு அடுத்தபடி ஒரு ஏர் பைப் ஏற்றி, டேங்க் மூடியைவிட உயரமாகக் கொண்டுபோய் வளைத்துவிட்டால் குழாயில் காற்று அடைக்காது. ஒவ்வொரு வால்வோடும் ஒரு யூனியன் (திருகிக் கழற்றுகிற இணைப்பு) போடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு ஒரு வாஷர் மாற்றக்கூடக் குழாயை அறுக்க வேண்டி வரும். இன்னொன்று, டேங்க் நிறைந்ததும் வயிறு கொஞ்சம் வெளியே தள்ளும், அதனால் துளையில் மாட்டுகிற நிப்பிளை இறுக்கி, முழுக்க நிரப்பி, ஒரு நாள் விட்டு, கசிவு பார்த்துவிட்டு, பிறகு கீழே இறங்கும் குழாயை ஒட்டச் சொல்லுங்கள். கசிவு கண்ணுக்குத் தெரியாவிட்டால் நிப்பிளைச் சுற்றி நியூஸ்பேப்பர் துண்டை ஒற்றிப் பாருங்கள்.

நம் மாவட்டத்தில் காற்றையும் யோசிக்க வேண்டும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, ஆனி ஆடியில் அங்கே அடிக்கிற காற்றில் காலி டேங்க் மாடியில் நிற்காது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டின் காலி டேங்க் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உருண்டு பின்பக்கத் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. நிறைந்த டேங்கை எந்தக் காற்றும் அசைக்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் மோட்டார் போட்டு நிரப்பிவிடுங்கள், காற்றுக்கும் ஆச்சு, பிறகு கரண்ட் இல்லாத நாட்களுக்கும் ஆச்சு. ஒக்கியின்போது பல நாள் கரண்ட் வரவில்லை, மேலே இருந்த ஒரு டேங்க் தண்ணீரைக் குடத்தில் அளந்து அளந்து எடுத்தோம். பீடம் போடும்போதே நான்கு மூலையிலும் கொக்கி பதித்து வைத்தால் கட்டுவதற்கு வசதி.

சரி, இனி கழுவுவது. வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) நெல் எடுக்கிற ஊர் நம்முடையது, டேங்கையும் அதுபோல வருடத்துக்கு இரண்டு தடவை கழுவலாம். நான் பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது ஒரு தடவை, மே மாதக் கடைசியில் மழை பிடிக்கும் முன் ஒரு தடவை கழுவுகிறேன். முந்தின நாளே மோட்டார் போடாமல் தண்ணீரைச் செலவழித்துவிட வேண்டும், அரை அடித் தண்ணீர் மிஞ்சினால் போதும். மோட்டார் சுவிட்சை அணைத்து, அவுட்லெட் வால்வை மூடுங்கள், இல்லையென்றால் கலங்கல் எல்லாம் வீட்டுக் குழாய்க்குள் போய்விடும். மிஞ்சிய தண்ணீரிலேயே தென்னந்தும்பை (தேங்காய் நாரை) நனைத்து மேலிருந்து கீழே சுவரைத் தேயுங்கள். கம்பி நாரும் சோப்பும் வேண்டாம், கம்பி போட்ட கீறலில்தான் அடுத்த பாசி முளைக்கும், சோப்பு வாடை ஒரு வாரம் போகாது. தண்ணீர் வந்து நிற்கும் கோட்டுக்குச் சற்று மேலே நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையை அங்கேதான் ஒட்டி வைக்கும், அது காய்ந்தே மாதக்கணக்கில் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரியும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. கலங்கலை வாஷ்-அவுட் வழியாக விட்டு, மிச்சத்தைச் சிரட்டையால் வழித்து, துணியால் துடைத்தெடுங்கள்.

பிறகு கிருமி நீக்கம். 1000 லிட்டர் டேங்குக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 150 கிராம். வாளியில் கரைத்துக் கால் மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் டேங்கில் ஊற்றி முழுக்க நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து பிளீச்சிங் வாடை வந்ததும் மூடி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் எல்லாவற்றையும் வடித்து, ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். அதுவரை யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது, செடிக்கும் மீன் தொட்டிக்கும் விடக் கூடாது. கோடையில் ஆயிரம் லிட்டரைக் கொட்ட மனசு வராது. அப்போது 10 லிட்டர் வாளியில் ஒரு மேசைக்கரண்டி பவுடர் கரைத்து, கையுறை போட்டுத் துணியால் உள்சுவர் முழுக்கத் தடவி, அரை மணி நேரம் கழித்து அலசினாலும் போதும். ஆசிட்டையோ டாய்லெட் கழுவுகிற திரவத்தையோ பிளீச்சிங்கோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய டேங்குக்குள் அது உயிருக்கே ஆபத்து. சம்ப்பில் இறங்குவதாக இருந்தால் மூடியைத் திறந்து ரொம்ப நேரம் காற்றாட விட்டு, மேலே ஒரு ஆள் நிற்க, உள்ளே கிடக்கும் மோட்டாரின் ஃபியூஸையே பிடுங்கிவிட்டு இறங்குங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது, 101-க்கோ 108-க்கோ போன் செய்ய வேண்டும்.

செம்மண் பக்கத்துக் கிணறுகளில் இரும்புச் சத்து இருக்கும், எடுத்தவுடன் தெளிவாக இருக்கிற தண்ணீர் காற்றுப் பட்டதும் சிவந்து அடியில் படியும். இப்படிப்பட்ட வீடுகளில் மாதம் ஒரு தடவை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், வாஷ்-அவுட் வால்வை அரை நிமிடம் திறந்துவிடுங்கள். முதலில் தேயிலைச் சாயம்போல் வரும், தெளிந்ததும் மூடிவிடலாம். இதைச் செய்தால் அரைவருடக் கழுவல் பாதி வேலையாகக் குறைந்துவிடும்.

மூடி உடைந்தால் அதை மட்டும் தனியாக வாங்கலாம், பிளைவுட் பலகையும் கல்லும் வைத்து ஒப்பேற்றாதீர்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் இலை கொட்டுகிற மார்கழி, தை மாதங்களில் அந்தச் சந்து வழியாக எவ்வளவு சருகு உள்ளே போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உடம்பில் கீறல் விட்டால் மாவுபோல் பிசைந்து ஒட்டுகிற பசை எதுவும் இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது. அதே பிளாஸ்டிக்கை உருக்கி வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மேல் பாதிக் கீறலுக்கு அது தாங்கும். அடியிலோ அவுட்லெட்டைச் சுற்றியோ விட்ட கீறல் என்றால் டேங்கை மாற்றிவிடுங்கள், மாற்றும்போது பீடத்தையும் ஒரு தடவை ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.