பிள்ளைகளோடு கொலராடோவுக்கு எல்க் வேட்டை: முதலில் சுமையைக் கணக்குப் போடுங்கள்

எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போய் வந்தேன் என்றால் எல்லோரும் என்ன துப்பாக்கி என்றுதான் கேட்கிறார்கள். டல்லாஸிலிருந்து கொலராடோவுக்கு மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போய் வந்தாயிற்று. அவளுக்கு இப்போது 15, அவனுக்கு 13. என்னைக் கேட்டால், துப்பாக்கிக் கடைக்குப் போவதற்கு முன்னால் முதுகுப்பையில் 30 பவுண்டு அரிசியைப் போட்டு, பிள்ளையைத் தெருவில் இரண்டு மைல் நடக்கச் சொல்லுங்கள். எங்கே வேட்டையாடலாம் என்பதை அந்த நடைதான் முடிவு செய்யும்.

பெட்டை எல்க்கின் பின்னந்தொடை ஒன்றே எலும்போடு 50 பவுண்டைத் தொடும். அப்படி இரண்டு, பிறகு முன்கால்கள், முதுகுக்கறி, கழுத்து. காரிலிருந்து மூன்று மைல் தள்ளிச் சுட்டால் எல்லாவற்றையும் நீங்களேதான் சுமக்க வேண்டும், அதுவும் 9,000 அடி உயரத்தில். அதனால் எங்கள் வீட்டு விதி: சாலையிலிருந்து ஒன்றரை மைலுக்கு மேல் இருந்தால், எவ்வளவு அழகாக நின்றாலும் சுடுவதில்லை. வரைபடத்தில் சாலைக்கு இருபுறமும் கோடு போட்டுக்கொண்டு, அதற்குள் இருக்கும் நேஷனல் ஃபாரஸ்ட் (அரசுக் காடு) நிலத்தை மட்டும் பார்ப்போம். தனியார் நில எல்லைகளைக் காட்டும் செயலியைப் போனில் முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். மலைக்குள் சிக்னல் இருக்காது.

அப்புறம் காகித வேலை. இதை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். 1949 ஜனவரி 1 முதல் பிறந்த யாராக இருந்தாலும் கொலராடோவில் வேட்டைக் கல்விச் சான்று வேண்டும். வேறு மாநிலத்தில் வாங்கியதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். டெக்சாஸில் 17 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். அதற்குக் கீழே என்றால் நேரடி வகுப்போ களப்பயிற்சியோ உண்டு. களப்பயிற்சி தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன, நான் ஒரு வருடம் அதில் மாட்டிக்கொண்டேன்.

டேக் என்பது ஒரு எல்க்கைச் சுடத் தரும் அனுமதிச் சீட்டு. அதற்கான குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் கெடு. விண்ணப்பிக்கும் முன் தகுதி உரிமம் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும்; இதை மறந்துவிட்டுக் கடைசி ராத்திரி தவிப்பவர்கள் நிறைய. பிள்ளைகளுக்குப் பெட்டை எல்க் டேக் கேளுங்கள் என்பேன். அந்த டேக்குகளில் 15 சதவீதம் வரை 12 முதல் 17 வயதுக்காரர்களுக்கு ஒதுக்குகிறார்கள். கிடாய், அதாவது ஆண் எல்க் என்றால் பல இடங்களில் கொம்பில் நான்கு கிளை இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கை நடுங்கும் பிள்ளைக்கு எதற்கு அந்தக் கணக்கு? காசு விஷயத்திலும் பெரிய வித்தியாசம்: வெளிமாநிலப் பெரியவருக்குக் கிடாய் டேக் 700 டாலரைத் தாண்டும், இளையோர் டேக் 100 டாலரை ஒட்டித்தான். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் அந்த வருடக் கையேட்டைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று: 12 முதல் 15 வயது வரை பார்வைக்கும் குரலுக்கும் எட்டுகிற தூரத்தில் ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். நான் ஒருவன், பிள்ளைகள் இரண்டு பேர். ஆகவே முதல் வருடம் மகளுக்கு டேக், மறு வருடம் மகனுக்கு. எனக்கு டேக்கே வாங்கவில்லை. அப்பாவும் சுட வேண்டும் என்று கிளம்பினால் பிள்ளையின் வேட்டை அப்பாவின் வேட்டையாகிவிடும்.

எல்க்குக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த ரைஃபிள் கூடாது என்பது சட்டம். நான் 7எம்எம்-08 என்ற வகைத் தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்கினேன். தோளில் ரொம்ப உதைக்காது. உதைக்குப் பயந்த பிள்ளை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்ளும். கோடை முழுக்க மேசையில் வைத்துச் சுடுவதை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, ரைஃபிளைத் தாங்கும் முக்காலியில் சாய்த்துச் சுடப் பழக்கினேன். 200 கெஜம்தான் எல்லை. வீட்டில் தோட்டா இல்லாமல் விசையிழுக்கும் பயிற்சி, துப்பாக்கி காலியா என்று ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் பார்த்த பிறகு.

முதல் வருடம் நான் செய்த மடத்தனம்: ஒரே மூச்சில் வண்டி ஓட்டிப்போய், நேராக 10,000 அடியில் கூடாரம் போட்டேன். உயரம் ஒத்துக்கொள்ளாமல் ராத்திரி இரண்டு மணிக்கு மகள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். இருட்டிலேயே கூடாரத்தைப் பிரித்துக் கீழே இறங்கினோம். இப்போது சுமார் 7,000 அடியில் இருக்கும் பகோசா ஸ்பிரிங்ஸில் இரண்டு ராத்திரி தங்கி, தண்ணீராகக் குடித்துவிட்டுத்தான் மேலே போகிறோம். பூட்ஸை ஜூலையிலேயே வாங்கிப் போட்டுப் பழக்குங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஆரஞ்சு அல்லது பிங்க் மேலாடை 500 சதுர அங்குலம், தலைக்கும் அதே நிறம். என் மகள் பிங்க்தான் எடுத்தாள். சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசேஜர் கட்டாயம்.

வேட்டை காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். நடுவில் தூக்கம், சீட்டாட்டம், சூடான நூடுல்ஸ். ஐந்து நாள் வேட்டையில் ஒரு நாள் முழு விடுமுறை. நாலாம் நாள் சலிப்பில் மொபைலை எடுத்தால் திட்டாதீர்கள்.

போன அக்டோபரில் மகனுக்கு ஒரு பெட்டை 140 கெஜத்தில் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் நின்றது. ரைஃபிளை முக்காலியில் வைத்தவன், "அப்பா, மூச்சு நிக்க மாட்டேங்குது" என்றான். "நிக்கட்டும், காத்திரு" என்றேன். அது இரண்டு வாய் புல் மேய்கிற நேரம். அப்புறம் சுட்டான்.

வேட்டையில் பெரிய வேலை அதற்குப் பிறகுதான். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கத்துத் தோலை உரித்து, கால்களையும் முதுகுக்கறியையும் எடுத்து, பிறகு புரட்டி மறுபக்கம். ஒரு தொடையில் மடியின் ஒரு துண்டை ஒட்டியபடியே விட வேண்டும், பெட்டை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கறியைத் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள், சூடு இறங்க வேண்டும். எங்களுக்கு மூன்று நடை ஆயிற்று. பின்தொடைகள் என்னுடையவை. மகள் முன்கால்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். முதுகுக்கறியைச் சுமந்த மகன் கடைசி நடையில் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் நின்று, கார் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அரை மைல் என்றேன். அரிசி மூட்டையை விட இது லேசு என்று சொல்லிவிட்டு நடந்தான்.