சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஏற்ற விடுமுறை வீடு

விடுமுறைக்கு வாடகைக்கு விட வீடு கட்டுகிறீர்களா? சக்கர நாற்காலிக்கான அளவுகளை வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு இடித்துக் கட்டுவது பெரிய செலவு.

வாசலில் 30 செ.மீ. உயரம் ஏற வேண்டுமென்றால் சாய்தளம் குறைந்தது 3.6 மீட்டர் நீளம் வேண்டும், அதாவது 1:12 சரிவு. கதவைத் திறந்து வைத்த நிலையில் வழி 81 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 90 கிடைத்தால் நிம்மதி.

அதிகக் கவனம் குளியலறைக்குத்தான். உள்ளே நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் விடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். குளிக்கும் இடத்தில் தடுப்புத் திட்டு வேண்டாம். தரையே லேசாகச் சரிந்து தண்ணீர் வடியட்டும். கழிப்பறை இருக்கை 43 முதல் 48 செ.மீ. உயரத்தில், ஒரு பக்கமாவது நாற்காலியை ஒட்டி நிறுத்த இடத்தோடு இருக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி ஒரு ஆளின் முழு எடையையும் தாங்கியாக வேண்டும். எனவே டைல்ஸ் ஒட்டும் முன்பே அந்தச் சுவரைப் பலப்படுத்துங்கள். வாஷ்பேசின் அடியில் முழங்கால் நுழைய வேண்டும். அங்கே சுடுநீர்க் குழாய் போனால் உறை போடுங்கள். கால் உணர்வில்லாதவருக்குச் சுடுவது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.

அப்புறம் கட்டில். மெத்தையோடு சேர்த்து நாற்காலி இருக்கையின் உயரம், சுமார் 45 முதல் 50 செ.மீ., இருந்தால் மாறி உட்காருவது எளிது.

விளம்பரத்தில் ‘வீல்சேர் வசதி உண்டு’ என்று மட்டும் போடாதீர்கள். கதவின் அகலம், கட்டிலின் உயரம், குளியலறைப் படங்கள் எல்லாவற்றையும் கொடுங்கள். தன் நாற்காலிக்கு ஒத்துவருமா என்பதை வருபவரே அளந்து பார்த்துக்கொள்வார்.